பிளாக் பண்ணினால் போதுமா? போனுக்குள் வந்து துரத்துகிறவனைப் பற்றி

மதுரையில் யாரிடமாவது சைபர் கிரைம் என்று சொல்லிப் பாருங்கள், உடனே ஓடிபி கேட்டு ஏமாற்றிய கதை ஒன்று வரும். கரண்ட் பில் கட்டவில்லை என்று வந்த மெசேஜ், டிஜிட்டல் அரெஸ்ட் என்று மிரட்டிய போலி போலீஸ், பார்சலில் போதைப்பொருள் இருக்கிறது என்று வந்த வீடியோ கால். தப்பில்லை, அரசாங்கக் கணக்கும் அப்படித்தான் சொல்கிறது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2023 கணக்குப்படி நாடு முழுக்கப் பதிவான சைபர் வழக்குகள் 86,420. அதில் ஏறத்தாழ 69 சதவீதம் மோசடி. பாலியல் சுரண்டல் என்று பதிவானது 5 சதவீதத்துக்கும் கொஞ்சம் குறைவு. இந்த இரண்டாவது எண்ணைத்தான் அப்படியே நம்பிவிடக் கூடாது என்று நினைக்கிறேன். பணம் போனவர் அன்றைக்கே பேங்குக்கும் ஸ்டேஷனுக்கும் ஓடுகிறார், சொந்தக்காரர்களிடமும் சொல்லிப் புலம்புகிறார். படத்தை வைத்து மிரட்டப்படுகிற பெண் பக்கத்தில் படுத்திருக்கும் அம்மாவிடம்கூடச் சொல்வதில்லை. கணக்கில் வராததெல்லாம் நடக்காதது ஆகிவிடாது.

முதலில் போனுக்குள் வந்து துரத்துகிற இவன் யார் என்று பார்த்துவிடலாம். இருட்டு அறையில் முக்காடு போட்டு உட்கார்ந்து பச்சை எழுத்தைத் தட்டும் ஹேக்கர் நம் ஞாபகத்துக்கு வருவது சினிமாவின் கைங்கரியம். பெண்களைத் துரத்தித் துரத்தி மெசேஜ் அனுப்புகிறவன் பெரும்பாலும் தெரிந்தவன்தான். முன்னாள் காதலன், பிரிந்து வாழும் கணவன், கூட வேலை பார்ப்பவன், தினமும் அதே உசிலம்பட்டி பஸ்ஸில் வருபவன், ரீசார்ஜ் பண்ணப் போன கடையில் நம்பரைக் குறித்து வைத்துக்கொண்டவன். அப்புறம் நம் பக்கத்தில் முக்கியமான ஒருவன் உண்டு, முறைப்பையன். பெண் கேட்டார்கள், கொடுக்கவில்லை, அல்லது அவளுக்கு இஷ்டமில்லை. அதற்கப்புறம் அவன் ராத்திரி பன்னிரண்டு மணிக்கு அனுப்புகிற மெசேஜும், அவள் ஸ்டேட்டஸ் வைத்தால் ‘யாருக்காக வச்ச’ என்று கேட்கிற கேள்வியும், காலேஜ் தோழிகளின் நம்பரைத் தேடிப் பிடித்து அவர்களிடம் விசாரிப்பதும் வீட்டில் யாருக்கும் தொந்தரவாகவே தெரியாது. ‘மாமன் மகன்தான, உரிமையில பேசுறான்’ என்பார்கள். இந்த உரிமை என்கிற நினைப்புதான் விஷயத்தின் வேர். போன் வந்ததால் பிறந்தது இல்லை இது. முன்பு தெருமுனையில் சைக்கிளோடு நின்றவனுக்கு இப்போது வீட்டுக்குள்ளேயே, தலையணைக்கு அடியிலேயே நிற்க இடம் கிடைத்திருக்கிறது, அவ்வளவுதான்.

தெரிந்தவன் என்பதால் அவனுக்குப் பெரிய தொழில்நுட்பமும் தேவைப்படுவதில்லை. அரை நிமிடம் போன் கையில் கிடைத்தால் போதும், வாட்ஸ்அப்பின் லிங்க்டு டிவைசஸில் தன் லேப்டாப்பைச் சேர்த்துவிட்டு, அவளுக்கு வருகிற எல்லாவற்றையும் அவனும் படித்துக்கொண்டிருப்பான். அவன் வாங்கிக் கொடுத்த போன் என்றால் அதில் இருக்கும் கூகுள் கணக்கே அவன் பெயரில் இருக்கும். அவள் மாட்டுத்தாவணியில் இறங்கினாளா ஆரப்பாளையத்தில் இறங்கினாளா என்பது மேப்பில் தெரியும். பல வீடுகளில் போன் வாங்கிய கடைக்காரத் தம்பியே ஜிமெயில் கணக்கைத் திறந்து கொடுத்து, பாஸ்வேர்டைப் போன் பெட்டியின் மேல் பேனாவால் எழுதிக் கொடுத்திருப்பார், அந்தப் பெட்டி பீரோ மேல் எல்லாரும் பார்க்கிற மாதிரி இருக்கும். இதற்குப் பெயர் ஹேக்கிங் என்றால் ஹேக்கர்கள் கோபித்துக்கொள்வார்கள்.

படம் எங்கிருந்து கிடைக்கிறது என்பது இன்னொரு கதை. ‘நீ ஏன் போட்டோ போட்ட’ என்று பெண்ணைக் கேட்கிறோமே, அவள் போட்டது அதில் பாதிகூட இருக்காது. மதுரைக்காரர்களுக்கு போஸ்டரும் ஃபிளெக்ஸும் ரத்தத்தில் ஊறியவை. பூப்புனித நீராட்டு விழா என்றால் பதிமூன்று வயசுப் பிள்ளையின் படத்தை ஆளுயரத்துக்கு அச்சடித்து, பெயர், அப்பா பெயர், தாய்மாமன்கள் வரிசை, ஊர், மண்டபம் எல்லாம் போட்டு முச்சந்தியில் கட்டுகிறோம். அதை ஒருவர் படம் எடுத்து ஸ்டேட்டஸ் வைக்கிறார். போட்டோகிராபர் தன் கடை விளம்பரத்துக்காக அந்த விழாவையே ரீல்ஸ் ஆக்கி இன்ஸ்டாகிராமில் போடுகிறார். அத்தனையும் பெரியவர்கள் செய்தது. முன்பு ஒரு முகத்தை வெட்டி வேறு உடம்பில் ஒட்ட போட்டோஷாப் தெரிய வேண்டும். இப்போது அதற்கென்றே ஏஐ ஆப்கள் இருக்கின்றன, முகம் தெளிவாக இருக்கிற ஒரே ஒரு படம் போதும்.

சரி, சட்டம் என்ன சொல்கிறது? நம் சட்டம் இந்த இடத்தில் ஜனங்கள் நினைப்பதைவிட நன்றாகவே இருக்கிறது, ஆனால் ஒட்டுப் போட்டு ஒட்டுப் போட்டு வளர்ந்தது.

தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-ல் வந்தபோது அதன் கவலையெல்லாம் மின்வணிகமும் டிஜிட்டல் கையெழுத்தும்தான். பெண்ணைத் தொந்தரவு செய்வதற்கு அதில் நேரடியாக ஒன்றும் இல்லை, ஆபாசத்துக்கான 67-ஆம் பிரிவைத் தவிர. அதை வைத்தே 2004-ல் சென்னை எழும்பூர் நீதிமன்றம், விவாகரத்தான ஒரு பெண்ணைப் பற்றி இணையக் குழுவில் ஆபாசமாக எழுதி அவர் நம்பரையும் பரப்பிய ஒருவனுக்குத் தண்டனை கொடுத்தது. அந்தப் பிரிவில் நாட்டிலேயே முதல் தண்டனை என்று அதைத்தான் சொல்கிறார்கள். அவன் யார் தெரியுமா? அந்தப் பெண்ணைக் கல்யாணம் பண்ணிக்கொள்ள ஆசைப்பட்டு மறுக்கப்பட்ட, குடும்பத்துக்குத் தெரிந்தவன். இருபது வருஷத்துக்கு மேல் ஆகியும் ஆளின் ஜாதகம் மாறவே இல்லை.

2008 திருத்தத்தில் 66-சி, 66-டி, 66-ஈ, 67-ஏ என்று பிரிவுகள் சேர்ந்தன. அடுத்தவர் பாஸ்வேர்டையும் அடையாளத்தையும் பயன்படுத்துவது, ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவது, அந்தரங்க உறுப்பின் படத்தைச் சம்மதமில்லாமல் எடுப்பதோ அனுப்புவதோ, வெளிப்படையான பாலியல் காட்சியைப் பரப்புவது ஆகியவை முறையே இவற்றில் அடங்கும். கூடவே 66-ஏ என்ற பிரிவும் வந்தது, எரிச்சலூட்டும் மெசேஜ் அனுப்பினாலே உள்ளே தள்ளலாம் என்கிற அளவுக்கு அகலமானது. அதை அரசியல்வாதிகளைக் கிண்டல் செய்தவர்கள் மேல் எல்லாம் போட்டு நாசமாக்கியதால் 2015 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. செய்தது சரிதான். ஆனால் ஆபாசமும் இல்லாமல் மிரட்டலும் இல்லாமல், ஒரு நாளைக்கு நூறு மெசேஜ் போட்டு உயிரை எடுப்பவனைப் பிடிக்க ஐடி சட்டத்தில் அதற்கப்புறம் எதுவும் மிஞ்சவில்லை.

அந்த இடத்தைப் பெண்களுக்காவது நிரப்பியது வேறொரு சட்டம். 2012 டிசம்பர் டெல்லிக் கொடூரத்துக்குப் பிறகு நீதிபதி வர்மா குழு அறிக்கை கொடுத்து, 2013-ல் இந்திய தண்டனைச் சட்டத்தில் 354-டி சேர்க்கப்பட்டது. இப்போது அது, இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 78-ஆம் பிரிவு. ஒரு பெண் தனக்கு விருப்பமில்லை என்று தெளிவாகக் காட்டிய பிறகும் திரும்பத் திரும்பத் தொடர்புகொள்வது குற்றம். அவள் இணையத்தையும் மின்னஞ்சலையும் பயன்படுத்துவதைக் கண்காணிப்பதும் குற்றம். முதல் தடவை மூன்று வருஷம் வரை, மறுபடி செய்தால் ஐந்து வருஷம் வரை சிறை. முறைப்பையனுக்கு விலக்கு என்று அந்தப் பிரிவில் எங்கும் எழுதவில்லை.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. முதல் தடவை என்றால் இது ஜாமீனில் விடக்கூடிய குற்றம். ‘காலையில் கூப்பிட்டாங்க, சாயங்காலம் டீக்கடையில் உட்கார்ந்திருக்கான்’ என்று பெற்றோர் கொதிப்பது இதனால்தான். ஐடி சட்டத்திலும் மூன்று வருஷத் தண்டனைப் பிரிவுகள் ஜாமீனுக்கு உரியவை, 67-ஏ அப்படியில்லை. ஆகவே புகாரில் என்ன எழுதுகிறோம், எதைக் கையோடு கொடுக்கிறோம் என்பதைப் பொறுத்து எந்தப் பிரிவு ஏறும் என்பது மாறும். படத்தைக் காட்டிப் பணமோ பொருளோ கேட்டிருந்தால் அது மிரட்டிப் பறித்தல், நியாய சன்ஹிதாவின் 308. பெயர் தெரியாத ஐடியில் ஒளிந்துகொண்டு மிரட்டினால் அதே சன்ஹிதாவின் 351-ல் அதற்கென்றே கூடுதல் தண்டனை. பெண் பதினெட்டு வயதுக்குக் கீழ் என்றால் போக்சோ, ஆட்டமே வேறு. தமிழ்நாட்டில் 1998-ல் வந்த பெண்கள் துன்புறுத்தல் தடைச் சட்டத்தையும் 2025 ஜனவரியில் திருத்தி, டிஜிட்டல் வழித் தொந்தரவையும் அதற்குள் கொண்டுவந்தார்கள். 2014-லிருந்து குண்டர் சட்டத்திலும் சைபர் குற்றவாளி என்ற வகை இருக்கிறது. இவ்வளவு இருந்தும் ஸ்டேஷனில் கூப்பிட்டு, ‘இனிமே பண்ண மாட்டேன்’ என்று எழுதி வாங்கிக்கொண்டு அனுப்புவதுதான் வழக்கமாக நடக்கிறது. சில பயல்களுக்கு அது போதும்தான். ஆனால் அந்த எழுத்தின் நகல் பெண் வீட்டார் கையிலும் இருக்க வேண்டும், இல்லையென்றால் அடுத்த முறை எல்லாம் முதலிலிருந்து.

‘விருப்பமில்லை என்று தெளிவாகக் காட்டிய பிறகும்’ என்ற வார்த்தைகளைக் கொஞ்சம் கவனியுங்கள், ஏனென்றால் நம் ஊர் அறிவுரை இதற்கு நேர் எதிர். ‘பதிலே சொல்லாத, தானா அடங்கிருவான்’ என்பார்கள், அல்லது ‘பிளாக் பண்ணிட்டுப் போ’ என்பார்கள். சட்டத்துக்கு வேண்டியது ஒரே ஒரு தெளிவான மறுப்பு. ‘எனக்கு உங்களோடு பேச விருப்பமில்லை, இனி மெசேஜ் செய்யாதீர்கள்’ என்று ஒரு தடவை, கெஞ்சாமல் திட்டாமல், எழுத்தில். அதற்கப்புறம் பதில் வேண்டாம். பிளாக் பண்ணுவதற்கு முன் இருப்பதையெல்லாம் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். பிளாக் பண்ணிய பிறகு வேறு நம்பரிலும் புது ஃபேக் ஐடியிலும் வந்தானென்றால், அவன் தொடர்ந்து துரத்துகிறான் என்பதற்கு அதுவே சாட்சி.

எடுத்து வைப்பதிலும் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். மெசேஜை மட்டும் ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் போதாது. இன்ஸ்டாகிராமில் மேலே தெரிகிற பெயரை அவன் எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம், அதனால் யூசர்நேம், அந்தப் பக்கத்தின் லிங்க், தேதி, நேரம் எல்லாம் வேண்டும். பார்த்தவுடன் மறையும் படம் என்றால் இன்னொரு போனால் அந்தத் திரையையே படம் பிடியுங்கள். கோபத்தில் சாட்டை அழித்துவிடாதீர்கள், முக்கியமாகப் போனை ரீசெட் பண்ணிவிடாதீர்கள். நீதிமன்றத்தில் பிரிண்ட் அவுட் தனியாக நிற்காது, புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியத்தின் 63-ஆம் பிரிவுச் சான்றிதழ் கூடவே வேண்டும், மூலப் போன் கையில் இருந்தால் அந்த வேலை சுலபம்.

நேரமும் முக்கியம். ஒருவன் ஃபேக் ஐடி தொடங்கி மிரட்டிவிட்டு அதை அழித்துவிட்டால் எல்லாம் போய்விட்டது என்று நினைக்கிறோம். 2021 ஐடி விதிகளின்படி கணக்கை மூடிய பிறகும் பதிவு விவரங்களை அந்த நிறுவனம் 180 நாள் வைத்திருக்க வேண்டும். போலீஸ் முறைப்படி கேட்டால் அந்தக் கணக்கைத் திறந்த போன் நம்பர், மெயில், எந்த ஐபி முகவரியிலிருந்து எத்தனை மணிக்கு நுழைந்தான் என்பது வரும். மொபைல் டேட்டாவில் ஒரே ஐபியை ஒரே நேரத்தில் நிறையப் பேர் பகிர்ந்துகொள்வதால் நேரமும் போர்ட் எண்ணும் துல்லியமாக இருந்தால்தான் ஆள் சிக்குவான். சிம் அவன் பாட்டி பெயரில் இருக்கும், பரவாயில்லை, பாட்டி இன்ஸ்டாகிராமில் மிரட்டியிருக்க மாட்டார் என்பது போலீஸுக்கும் தெரியும். ஆனால் எட்டு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டுப் போனால் இந்தக் கதவில் பாதி அடைத்திருக்கும்.

எங்கே போவது என்பதில் மதுரையில் ஒரு குழப்பம் எப்போதும் உண்டு. மாநகரம் கமிஷனரின் கீழ், மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம், வாடிப்பட்டிப் பக்கமெல்லாம் எஸ்.பி.யின் கீழ், இரண்டுக்கும் தனித்தனி சைபர் கிரைம் போலீஸ் நிலையம். பெண் தங்கியிருப்பது நகரத்து ஹாஸ்டல், வீடு பேரையூர், பையன் இருப்பது திருப்பூர் என்றால் ‘அங்க போங்க, இங்க போங்க’ என்று அலைக்கழிப்பார்கள். அப்படிச் சொல்ல வழியில்லை. கைது செய்யக்கூடிய குற்றம் என்றால் எல்லை பார்க்காமல் எஃப்.ஐ.ஆர். போட வேண்டும் என்று இப்போது சட்டத்திலேயே இருக்கிறது. சி.எஸ்.ஆர். ரசீது என்பது மனு வாங்கிய அத்தாட்சி மட்டும்தான், எஃப்.ஐ.ஆர். இல்லை. வாங்க மறுத்தால் எஸ்.பி.க்கோ கமிஷனருக்கோ தபாலில் அனுப்பி அத்தாட்சியை வைத்துக்கொண்டு, அதற்கும் அசையவில்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். வக்கீலுக்குக் காசில்லை என்றால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, நம்பர் 15100. ஸ்டேஷன் வாசல் மிதிக்கத் தயக்கம் என்றால் சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் தளத்தில் பெண்கள், குழந்தைகள் தொடர்பான புகாரைப் பெயர் சொல்லாமலே பதியவும் வழி இருக்கிறது. 1930 என்ற சைபர் கிரைம் உதவி நம்பர், போன பணத்தைப் பாதி வழியில் நிறுத்துவதில் கெட்டி. படம் விஷயத்தில் அந்த வேகத்தை எதிர்பார்க்க முடிவதில்லை என்பதுதான் என் வருத்தம்.

படத்தைத் தூக்குவதற்கு போலீஸுக்காகக் காத்திருக்கவும் வேண்டாம். அதே 2021 விதிகளில், அந்தரங்கப் படமோ மார்பிங் படமோ போட்டிருப்பதாகப் பாதிக்கப்பட்டவரோ அவர் சார்பில் ஒருவரோ புகார் செய்தால் 24 மணி நேரத்துக்குள் நீக்க வேண்டும் என்று வைத்தார்கள், 2026 பிப்ரவரியில் அதை 2 மணி நேரமாகக் குறைத்தார்கள். படம் இன்னும் வெளியே வரவில்லை, மிரட்டல்தான் இருக்கிறது என்றால் ஸ்டாப்என்சிஐஐ என்ற தளம் இருக்கிறது. படத்தை அங்கே ஏற்ற வேண்டியதில்லை. உங்கள் போனிலேயே அதற்கு ஒரு கைரேகை மாதிரி எண்ணைக் கணக்கிட்டு, அந்த எண்ணை மட்டும் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் போன்ற நிறுவனங்களுக்கு அனுப்பும், அதே படத்தை யாராவது ஏற்றப் பார்த்தால் அங்கேயே தடுக்க. பதினெட்டு வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு டேக் இட் டவுன் என்று தனித் தளம். டெலிகிராம் குழுக்களையும் பெயர் தெரியாத ஆபாசத் தளங்களையும் இது எட்டாது. 2025-ல் ஒரு பெண் வழக்கறிஞரின் அந்தரங்கப் படங்களை 48 மணி நேரத்தில் நீக்கச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றம் மத்திய அரசுக்கு உத்தரவிட்டும், ஒரு தளத்தில் தூக்கினால் இன்னொன்றில் முளைத்துக்கொண்டே இருந்தது. சட்டம் படித்தவருக்கே அந்தப் பாடு.

நம் உயர் நீதிமன்றக் கிளையும் இந்த விஷயத்தில் சும்மா இருந்ததில்லை. 2019 ஏப்ரலில் டிக்டாக்கைத் தடை செய்யச் சொல்லி நாட்டையே திரும்பிப் பார்க்க வைத்தது மதுரைக் கிளைதான். மூன்று வாரத்தில் அந்தத் தடையை அதுவே நீக்கியது, மறு வருஷம் மத்திய அரசு வேறு காரணத்துக்காக மூடியது. செயலி போனது, கமெண்டில் வந்து அசிங்கமாக எழுதும் ஆட்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரீல்ஸுக்குக் குடிபோனார்கள். என்னைக் கேட்டால் அதைவிட முக்கியமானது அந்த டிக்டாக் உத்தரவுக்கு முந்தைய மாதம் நடந்தது. பொள்ளாச்சி வழக்கில் புகார் கொடுத்த பெண்ணின் பெயரை அரசாணையிலேயே வெளியிட்டதற்காக அவருக்கு 25 லட்சம் ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது இதே கிளை. புகார் கொடுத்தால் பெயர் வெளியே வரும் என்கிற பயம்தான் மிரட்டுகிறவனின் முதலீடு, அந்த முதலீட்டை அரசாங்கமே போட்டுக் கொடுத்தால் என்ன செய்வது? அந்த வழக்கில் 2025 மே மாதம் ஒன்பது பேருக்கும் ஆயுள் தண்டனை வந்தது. தைரியமாகப் பேசிய பெண்கள் எண்ணிக்கையில் கொஞ்சம்தான்.

இந்தப் பயம் எங்கே தயாராகிறது என்று யோசித்தால் கொஞ்சம் கசக்கும். 2016-ல் சேலம் மாவட்டத்தில் ஒரு பெண் தன் மார்பிங் படம் ஃபேஸ்புக்கில் வந்ததால் உயிரை விட்டார். குடும்பம் போலீஸில் புகார் கொடுத்திருந்தது, நடவடிக்கை இழுத்தது, பிறகு மாவட்டப் போலீஸ் அதிகாரியே மன்னிப்புக் கேட்டார். போலீஸ் தாமதம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், போன் விஷயம் வீட்டுக்குத் தெரிந்தால் என்ன நடக்கும் என்று நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரியும். போனைப் பிடுங்குவார்கள், காலேஜை நிறுத்துவார்கள், அடுத்த முகூர்த்தத்தில் மாப்பிள்ளை பார்ப்பார்கள், சில சமயம் அந்த மாப்பிள்ளை துரத்தியவனாகவே இருப்பான். பழகிய பையன் வேறு சாதி என்றால் மிரட்டலின் எடை பல மடங்கு. ‘நாம் ரெண்டு பேரும் நிக்கிற போட்டோவ உங்க ஆளுங்க குரூப்ல போட்டுருவேன்’ என்ற ஒரு வரிக்கு இங்கே என்ன அர்த்தம் என்று தென் மாவட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. அந்தப் படத்தில் ஆபாசம் எதுவும் இருக்காது. சட்டப் புத்தகத்தில் 67-ஐயும் 67-ஏ-வையும் புரட்டிப் பார்த்தால் அதற்கு இடம் இருக்காது. ஆனாலும் உயிர் போகிற மிரட்டல் அதுதான், அந்த மாதிரிப் புகாரை ‘வெறும் போட்டோதானம்மா’ என்று தள்ளிவிடாமல் 351-லும் 308-லும் எடுக்கத் தெரிந்த அதிகாரி அமைவது அந்தப் பெண்ணின் அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது.

ஆண்களுக்கு? 78-ஆம் பிரிவு பெண்ணுக்கு மட்டும்தான். ஆனால் ஆண்கள் மாட்டுவது வேறு வலையில். முகம் தெரியாத பெண்ணிடமிருந்து வீடியோ கால், எடுத்தால் அரைகுறை உடை, பேசிக்கொண்டிருந்த அரை நிமிடத்தை ரெக்கார்ட் செய்து, மறுநாள் போலீஸ் என்றும் யூடியூப் அலுவலகம் என்றும் பேசிப் பணம் கேட்பார்கள். பேரன் எடுத்த மாமாக்கள் எல்லாம் மாட்டுகிறார்கள், யாரிடமும் சொல்ல மாட்டார்கள். லோன் ஆப் விஷயமும் இதேதான், ஐயாயிரம் கடனுக்குக் காண்டாக்ட் முழுக்க எடுத்துக்கொண்டு, மார்பிங் படத்தைச் சம்பந்தி வீட்டுக்கு அனுப்புவார்கள். முதல் தடவை கொடுத்தால் இவன் கொடுக்கிறவன் என்று குறித்துக்கொண்டு இரண்டாவதாகக் கேட்பார்கள், ஆகவே ஒரு பைசா அனுப்பக் கூடாது. ஏற்கெனவே அனுப்பியிருந்தால் உடனே 1930.

அப்புறம் இந்தப் படமெல்லாம் ஊர் முழுக்கப் போவது மிரட்டியவன் ஒருவனால் அல்ல. ‘பாவம் இந்தப் பொண்ணு, யாருனு தெரியுதா’ என்று உச்சுக் கொட்டிக்கொண்டே நாலு குரூப்பில் தள்ளிவிடுகிற நல்லவர்களால். 67-உம் 67-ஏ-வும் வெளியிடுகிறவனோடு அனுப்புகிறவனையும் சேர்த்தே சொல்கின்றன. விசாரணை அந்தக் குரூப் வரை வந்தால் ஃபார்வர்ட் பண்ணியவரின் போனும் தடயவியல் ஆய்வகத்துக்குப் போகும், அதைத் திரும்ப வாங்க எத்தனை மாதம் நடக்க வேண்டியிருக்கும் என்று கோர்ட் பக்கம் தெரிந்த வக்கீல் யாரையாவது கேட்டுப் பாருங்கள்.